வேலையை விடுறதுக்கு முன்னாடி டாக்டர் டாயில் போட்ட கணக்கு

1/ கொஞ்சம் நீளமான இழை. டீ எடுத்துக்கிட்டு உக்காருங்க.

போன வாரம் நைட் டியூட்டி. ராத்திரி ரெண்டு மணிக்கு மேல காஷுவாலிட்டி அடங்கினதும் ஹவுஸ் சர்ஜன் தம்பி ஒருத்தன் வந்தான். "சார், ஒண்ணு கேக்கணும். நான் பி.ஜி. என்ட்ரன்ஸ் எழுதல. இன்டர்ன்ஷிப் முடிஞ்சதும் முழு நேரமா சினிமாவுக்கு எழுதப் போறேன். தப்பா சார்?"

2/ என் வாயில முதல்ல வந்தது எல்லாரும் சொல்றதுதான். "முதல்ல பி.ஜி. முடிடா, அப்புறம் பாத்துக்கலாம்." அவன் தலையாட்டிட்டுப் போயிட்டான். வீட்டுக்கு வந்தப்புறமும் உறுத்திக்கிட்டே இருந்தது. அவன் கேட்டதுக்கு அது பதிலே இல்ல.

3/ இதே கேள்வியை 1891 மே மாசம் லண்டன்ல ஒரு டாக்டர் தன்னைத்தானே கேட்டுக்கிட்டார். வயசு 32 ஆகப்போகுது. கல்யாணமாகி ஒரு பெண் குழந்தை. கண் மருத்துவர்னு ஒரு ரூம் வாடகைக்கு எடுத்து உக்காந்திருக்கார், ஒரு நோயாளி கூட வரல. அவர் பேர் ஆர்தர் கானன் டாயில். ஷெர்லாக் ஹோம்ஸ் கதைகளை எழுதினவர்.

4/ "ஹோம்ஸ் ஹிட் ஆச்சு, அதனால டாக்டர் வேலையை விட்டார்"னு ஒரே வரியில இந்தக் கதையை முடிச்சிடுவாங்க. தேதியைப் பாருங்க. அவர் மருத்துவத்தை விட முடிவு பண்ணது 1891 மே. ஹோம்ஸை உலகம் முழுக்கக் கொண்டுபோன 'ஸ்ட்ராண்ட்' பத்திரிகைக் கதைகள்ல முதலாவது வெளிவந்தது அதே வருஷம் ஜூலை இதழ்ல. அதாவது ஹிட் ஆகறதுக்கு முன்னாடியே விட்டுட்டார். எந்த தைரியத்துல? அதுதான் இந்த இழை.

5/ முதல்ல வீடு. டாயில் பிறந்தது 1859, எடின்பரோ. அப்பா சார்லஸ் அரசு அலுவலகத்துல ஊழியர். தாத்தா ஜான் டாயில் பேர்போன கேலிச்சித்திரக்காரர், பெரியப்பா ரிச்சர்ட் 'பஞ்ச்' பத்திரிகையோட அட்டையை வரைஞ்சவர். சார்லஸுக்கும் நல்ல கை. ஆனா குடி. 1876ல, 44 வயசுலயே பென்ஷன் குடுத்து அனுப்பிட்டாங்க. பிற்காலம் முழுக்க மனநலக் காப்பகங்கள்ல கழிஞ்சது.

6/ அதனால கலைஞன் இருக்கற வீடு எப்படி இருக்கும்னு டாயிலுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்ல. அம்மா மேரி வீட்டுல ஆள் தங்க வெச்சு வாடகை வாங்கிச் சமாளிச்சாங்க. அக்கா அனெட் சின்ன வயசுலயே போர்ச்சுகலுக்குப் போய்ப் பணக்கார வீட்டுப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்குடுத்து சம்பளத்தை ஊருக்கு அனுப்பினாங்க. அப்புறம் தங்கச்சிங்க லாட்டி, கானி ரெண்டு பேரும் அதே வழியில போனாங்க. இந்த மூணு பேரையும் ஞாபகத்துல வெச்சுக்குங்க. பின்னாடி வருவாங்க.

7/ மருத்துவம் படிக்கும்போதே டாயில் ஒரு வேலை பண்ணார். ஒரு வருஷப் பாடத்தை அரை வருஷத்துல முடிச்சிட்டு, மிச்ச நேரத்துல வேற டாக்டர்களுக்கு உதவியாளாப் போனார். 1879ல முதல் கதை அச்சாச்சு. கூலி மூணு கினி, அதாவது மூணு பவுண்டும் கொஞ்சம் சில்லறையும்.

8/ 1880ல 'ஹோப்'ங்கற திமிங்கில வேட்டைக் கப்பல்ல டாக்டராப் போனார். இன்னும் டிகிரி கூட வாங்கல, மூணாம் வருஷ மாணவன்! ஆர்க்டிக்ல ஏழு மாசம். திரும்பி வந்தப்போ சம்பாதிச்ச தங்கக் காசுகளை சட்டை, கோட்டுன்னு எல்லாப் பையிலயும் ஒளிச்சு வெச்சுக்கிட்டு, அம்மாவைத் தேடி எடுக்கச் சொன்னாராம். மொத்தம் 50 பவுண்ட் கிட்ட. முதல் சம்பளத்தை அம்மா கையில குடுத்த எல்லாருக்கும் இந்த இடம் புரியும்.

9/ 1881ல டிகிரி. 1882ல போர்ட்ஸ்மத் பக்கத்துல சவுத்ஸீங்கற இடத்துல தனியா பிராக்டிஸ். கையில 10 பவுண்ட் கூட இல்ல. வீட்டு வாடகை வருஷத்துக்கு 40. நோயாளி பார்க்கற அறைக்கு மட்டும் நாற்காலி, மேசை வாங்கிப் போட்டார். மத்த அறைகள் காலி. வேலைக்காரர் வைக்க வசதியில்ல. வாசல்ல இருக்கற பித்தளைப் பெயர்ப்பலகையை ராத்திரி இருட்டினதும் தானே போய்த் தேய்ப்பார். டாக்டரே பலகை தேய்க்கறதை ஊர் பாத்தா மரியாதை போயிடும்ல.

10/ அந்த நிலைமையிலயும் சின்ன வயசுத் தம்பி இன்னஸைக் கூட்டிவந்து தன்கூட வெச்சுக்கிட்டார். அம்மாவுக்கு ஒரு வாய் குறையுதுல்ல.

பக்கத்து மளிகைக்காரர் ஒருத்தருக்கு வலிப்பு நோய். அவருக்கு ஃபிட்ஸ் வந்தா டாக்டருக்கு வெண்ணெயும் டீயும் ஃபீஸா வரும். ஒருத்தருக்கு உடம்பு முடியாமப் போனாத்தான் இன்னொருத்தர் வீட்டுல அடுப்பு எரியும். பல வருஷம் கழிச்சு டாயில் இதைச் சிரிச்சுக்கிட்டே எழுதினார். ஒவ்வொரு டாக்டரும் உள்ளுக்குள்ள கொஞ்சம் கூசற இடம் இது.

11/ இப்ப நம்பர். பிராக்டிஸ் வருமானம்: முதல் வருஷம் 154 பவுண்ட். ரெண்டாவது வருஷம் 250. அப்புறம் மெதுவா ஏறி 300ல நின்னுச்சு. எட்டு வருஷத்துல அதுக்கு மேல ஏறவே இல்ல. முதல் வருஷம் வருமான வரிப் படிவத்துல 'கட்ட ஒண்ணுமில்ல'ன்னு எழுதி அனுப்பினார். கணக்கு திருப்தியா இல்லன்னு ஆபீஸ்ல இருந்து திருப்பி அனுப்பினாங்க. எனக்கும் திருப்தியா இல்லதான்னு அவரும் எழுதி மறுபடி அனுப்பிட்டார்.

12/ கூடவே ஆயுள் காப்பீட்டுக் கம்பெனிக்கு மெடிக்கல் எக்ஸாமினேஷன் பண்ணி ஒரு துணை வருமானம். நோயாளி வராத நேரத்துல கதை. ஒரு கதைக்குச் சராசரியா 4 பவுண்ட். முதல் பத்து வருஷம் எழுத்துல வந்தது வருஷத்துக்கு 50 பவுண்டுக்கும் கீழ. 1884ல 'கார்ன்ஹில்'ங்கற பெரிய பத்திரிகை ஒரு கதைக்குச் சுமார் 30 பவுண்ட் குடுத்தது, வருஷ வாடகையில முக்கால்வாசி. ஆனா அங்க எழுதினவர் பேர் போடற வழக்கமில்ல. காசு வந்துச்சு, பேர் வரல.

13/ 1885ல ஜாக்னு ஒரு இளைஞர், மூளைக்காய்ச்சல். தங்கியிருந்த விடுதியில அவரை வெச்சுக்க முடியாதுன்னுட்டாங்க. டாயில் தன் வீட்டுலயே படுக்க வெச்சுப் பாத்தார். சில நாள்ல இறந்துட்டார். டாக்டர் வீட்டுல இருந்தே சவப்பெட்டி கிளம்புது. புதுசா பிராக்டிஸ் பண்ற டாக்டருக்கு இதைவிடக் கெட்ட விளம்பரம் கிடையாது. அந்தப் பையனோட அக்கா லூயிஸா. அந்த வருஷம் ஆகஸ்ட்ல டாயிலும் லூயிஸாவும் கல்யாணம் பண்ணிக்கிட்டாங்க.

14/ வாழ்க்கை வரலாறுகள்ல ஒரு வரியில போற ஒரு விஷயத்தை நான் இங்க நிறுத்திச் சொல்லணும். லூயிஸாவுக்குக் குடும்பச் சொத்துல இருந்து வருஷத்துக்கு 100 பவுண்ட் வருமானம் இருந்தது. டாயிலோட உச்ச வருமானத்துல மூணுல ஒரு பங்கு. நோயாளி வந்தாலும் வராட்டியும், கதை போட்டாலும் திருப்பி அனுப்பினாலும், அந்த 100 வரும். வீட்டு வாடகை 40. அதாவது ரெண்டரை வருஷ வாடகை ஒவ்வொரு வருஷமும் கையில.

15/ 1886. 'எ ஸ்டடி இன் ஸ்கார்லெட்'. ஹோம்ஸ் வர்ற முதல் கதை. கார்ன்ஹில் வேண்டாம்னுடுச்சு. இன்னொரு பதிப்பகம் பிரிச்சே பாக்காமத் திருப்பி அனுப்புச்சு. கடைசியா வார்ட் லாக் கம்பெனி சொன்னது: மொத்த உரிமைக்கும் 25 பவுண்ட், அதுவும் அடுத்த வருஷம்தான் போடுவோம். ராயல்டி குடுங்கன்னு கேட்டார், முடியாதுன்னுட்டாங்க. சரின்னு கையெழுத்து போட்டுட்டார். 1887 கிறிஸ்துமஸ் மலர்ல வந்துச்சு. அந்தப் புத்தகம் அதுக்கப்புறம் எத்தனை பதிப்பு போச்சுன்னு உங்களுக்கே தெரியும். டாயிலுக்கு அதுல இருந்து வேற காசு கிடைக்கல.

16/ அடுத்த வருஷம் தனிப் புத்தகமா வந்தப்போ அதுக்குப் படம் வரைஞ்சது யார் தெரியுமா? காப்பகத்துல இருந்த அப்பா சார்லஸ். ஆறு படம். குடும்பத்துல கணக்குத் தவறிப்போன கலைஞனும், கணக்குப் பாத்துக்கிட்டே இருக்கற கலைஞனும் ஒரே அட்டைக்குள்ள.

17/ இந்த இடத்துல நிறைய பேர் உணர்ச்சிவசப்பட்டு வேலையை விட்டிருப்பாங்க. "புத்தகம் வந்துடுச்சு, இனிமே எழுத்தாளர்தான்"னு. டாயில் விடல. இன்னும் மூணு வருஷம் நோயாளிகளைப் பாத்தார். 1889 ஆகஸ்ட்ல லண்டன் லாங்கம் ஹோட்டல்ல ஒரு அமெரிக்கப் பத்திரிகைக்காரர் விருந்து குடுத்தார். டாயில் ஒரு பக்கம், ஆஸ்கர் ஒயில்ட் இன்னொரு பக்கம். அந்த ஒரு சாப்பாட்டுல இருந்து அந்தப் பத்திரிகைக்கு ரெண்டு நாவல் கிடைச்சது: 'தி சைன் ஆஃப் ஃபோர்', 'தி பிக்சர் ஆஃப் டோரியன் கிரே'. அப்பவும் டாயில் ஊருக்குத் திரும்பி வந்து மறுநாள் கிளினிக்கைத் திறந்தார்.

18/ 1890 ஜனவரி. போர்ச்சுகல்ல அக்கா அனெட் இறந்துட்டாங்க. இன்ஃப்ளூயன்சா. அப்ப உலகம் முழுக்கச் சுத்திக்கிட்டிருந்த பெருந்தொற்று. பல வருஷம் சம்பளத்தை வீட்டுக்கு அனுப்பினவங்க. தம்பி நல்லா வந்துட்டான், இனிமே திரும்பி வந்துடலாம்னு இருந்த நேரத்துல போயிட்டாங்க. இது கடைசிவரைக்கும் டாயிலுக்கு ஆறல.

19/ அந்த வருஷம் நவம்பர்ல பெர்லின்ல ராபர்ட் காக் டிபிக்கு மருந்து கண்டுபிடிச்சதா அறிவிச்சார். டாயில் கிளம்பிப் போயிட்டார். செயல்விளக்க வகுப்புக்குள்ள நுழைய அனுமதி கிடைக்கல. உள்ள போன ஒரு அமெரிக்க டாக்டரோட குறிப்புகளை வாங்கிப் படிச்சு, வார்டையும் பாத்துட்டு, 'இது குணப்படுத்தும்னு சொல்றது ரொம்ப அவசரம்'னு பத்திரிகைக்கு எழுதினார். அவர் சொன்னது சரி. அந்த டியூபர்குலின் நோயைக் குணப்படுத்தல. ஆனா அதோட வழிவந்ததைத்தான் மாண்டூ டெஸ்ட்டுன்னு இன்னிக்கும் கையில போட்டு தடிப்பை அளக்கறோம்.

20/ பெர்லின் போற ரயில்ல மால்கம் மாரிஸ்ங்கற தோல் நிபுணர் பழக்கமானார். "சின்ன ஊர்ல ஏன் உழைச்சுக்கிட்டிருக்கீங்க? வியன்னா போய்க் கண் மருத்துவம் படிங்க, லண்டனுக்கு வாங்க"ங்கற மாதிரி யோசனை சொன்னார். டாயிலுக்கு இதுல ஒரு ஆசை: ராத்திரி அழைப்பு இல்லாத ஸ்பெஷாலிட்டி, மிச்ச நேரம் எழுத்து. சவுத்ஸீயைக் காலி பண்ணிட்டு, குழந்தையை மாமியார்கிட்ட விட்டுட்டு, 1891 ஜனவரியில புருஷனும் பொண்டாட்டியும் வியன்னா போனாங்க.

21/ அங்க பாடம் ஜெர்மன்ல. பேச்சு ஜெர்மன் தெரியும், மருத்துவ ஜெர்மன் காதுல ஏறல. நினைச்ச காலத்துக்கு முன்னாடியே கிளம்பி மார்ச்ல லண்டன். அப்பர் விம்போல் தெருவுல ரெண்டாம் நம்பர். முன்னறையும், காத்திருப்பு அறையில பங்கும் சேர்த்து வருஷத்துக்கு 120 பவுண்ட். சவுத்ஸீயில முழு வீட்டுக்கு 40 குடுத்தவர்! காலையில பத்து மணிக்குப் போய் மூணு, நாலு மணிவரைக்கும் உக்காந்திருப்பார். யாரும் வரமாட்டாங்க. எழுதுவார்.

22/ அப்பதான் 'ஸ்ட்ராண்ட்' புதுசா ஆரம்பிச்சிருந்த நேரம். டாயில் ஒரு விஷயத்தைக் கவனிச்சார். தொடர்கதையில ஒரு இதழை விட்டா வாசகர் போயிட்டார். தனித்தனிக் கதையில வாசகருக்குப் பிடிமானம் இல்ல. ஒரே கதாபாத்திரம், ஆனா ஒவ்வொரு இதழ்லயும் முழுசா முடியற கதைன்னு வெச்சா ரெண்டும் கிடைக்கும். இன்னிக்கு நாம பாக்கற பாதி டி.வி. தொடர்கள் இப்படித்தான் ஓடுது. ஏப்ரல்லயே கதைகளை அனுப்ப ஆரம்பிச்சார். ஆசிரியர் கிரீனோ ஸ்மித் வரவர எடுத்துக்கிட்டார். ஒவ்வொண்ணுக்கும் சராசரியா 35 பவுண்ட்.

23/ மே மாசம். தெருவுல நடக்கும்போதே குளிர் நடுக்கம். இன்ஃப்ளூயன்சா, அக்காவைக் கொண்டுபோன அதே காய்ச்சல். ஒரு வாரம் உயிருக்கே ஆபத்தான நிலை. அப்புறம் உடம்பு தளர்ந்து, ஆனா மனசு தெளிஞ்சு, படுக்கையில கெடக்கறார். படுத்துக்கிட்டே கணக்குப் பாத்தார்.

24/ அந்தக் கணக்கை நாமளும் போட்டுப் பாப்போம்.

மருத்துவம், வரவு: பூஜ்யம். செலவு: வருஷம் 120.
எழுத்து, வரவு: ஆறு கதை 35 வீதம் 210. செலவு: பேப்பர், மை.

சவுத்ஸீயில மருத்துவம் எழுத்துக்குச் சோறு போட்டது. லண்டன்ல எழுத்து மருத்துவத்துக்கு வாடகை கட்டிக்கிட்டிருக்கு. எது எதைச் சுமக்குதுங்கறது எப்பவோ மாறிடுச்சு. அவருக்கு அது உறைச்சது அன்னிக்குத்தான்.

25/ சந்தோஷத்துல போர்வை மேல கெடந்த கைக்குட்டையை எடுத்து மேல்கூரைக்கு வீசினாராம். ஜூன்ல நகரத்துக்கு வெளிய சவுத் நார்வுட்ல ஒரு வீடு பாத்துக் குடும்பத்தோட போயிட்டார். எல்லாரும் அந்தக் கைக்குட்டையைத்தான் சொல்லுவாங்க. அதுக்குப் பின்னாடி இருந்ததையும் பாருங்க: 12 வருஷம் விடாம எழுதின பழக்கம். கையில ஆர்டர். மனைவியோட 100 பவுண்ட். வேணும்னா திரும்பிப் போய்ப் பார்க்கக்கூடிய ஒரு டிகிரி.

26/ அக்டோபர்ல ஸ்ட்ராண்ட் மேலும் ஆறு கதை கேட்டது. டாயிலுக்கு ஆர்வமில்ல. அதனால நீளம் எவ்வளவானாலும் கதைக்கு 50 பவுண்ட்னு சொன்னார். உடனே ஒத்துக்கிட்டாங்க. ஆறு கதை 300 பவுண்ட். எட்டு வருஷ பிராக்டிஸ்ல தொட்ட உச்சம் இப்ப ஆறு கதையில. அடுத்த பன்னிரண்டு கதைக்கு ஆயிரம் கேட்டார். அதையும் குடுத்தாங்க. 25 பவுண்டுக்கு மொத்த உரிமையையும் எழுதிக் குடுத்தவர், விலை சொல்லப் பழகறதுக்கு அஞ்சு வருஷம் ஆச்சு.

27/ ஹோம்ஸைச் சீக்கிரமே கொன்னுடலாம்னு அம்மாவுக்கு எழுதினார். அம்மா கூடவே கூடாதுன்னு சண்டை. கதைக்கு ஒரு கருவையும் குடுத்தாங்க. வீட்டுல ஆள் தங்கவெச்சுச் சோறு போட்ட அம்மாவுக்கு, ஓடற வண்டியை நிறுத்தக்கூடாதுன்னு தெரியும். மகன் ரெண்டு வருஷம் தள்ளிப்போட்டார். போர்ச்சுகல்ல இருந்த தங்கச்சிங்க ரெண்டு பேரும் திரும்பி வந்தாங்க. அண்ணன் வீட்டுல இருந்தாங்க. அனெட்டுக்கு மட்டும் அது கிடைக்கல.

28/ 1893ல லூயிஸாவுக்கு நுரையீரல் டிபி. பெர்லின்ல மருந்தில்லன்னு தெரிஞ்சுக்கிட்டவர் வீட்டுலயே. ஸ்ட்ரெப்டோமைசின் வர இன்னும் 50 வருஷம் இருக்கு. அப்ப இருந்த ஒரே வழி மலைக்காற்று, ஓய்வு, நல்ல சாப்பாடு. சுவிட்சர்லாந்துல டாவோஸ் கூட்டிட்டுப் போனார். அப்புறம் சர்ரேயில அவங்க நுரையீரலுக்குன்னே காத்தோட்டமான இடமாப் பாத்து வீடு கட்டினார். லூயிஸா 1906 வரை, 13 வருஷம் இருந்தாங்க. வருஷம் 300 சம்பாதிச்ச சவுத்ஸீ டாக்டரால இது முடிஞ்சிருக்காது. அவரோட கஷ்ட காலத்துல 100 பவுண்ட் கொண்டுவந்தவங்களுக்கு எழுத்து திருப்பிக் குடுத்தது இது.

29/ இதுக்கு நேர்மாறா இன்னொரு டாக்டர். ஆன்டன் செகாவ். மருத்துவம் மனைவி, இலக்கியம் காதலிங்கற அந்த வசனம் எல்லாருக்கும் தெரியும், அதை விடுங்க. கணக்கைப் பாப்போம். 1876ல அப்பாவோட மளிகைக்கடை திவால். கடன்காரங்களுக்குப் பயந்து குடும்பம் மாஸ்கோ ஓடிடுச்சு. 16 வயசுப் பையன் மட்டும் தாகன்ரோக்ல தங்கி, ட்யூஷன் எடுத்து, தானும் படிச்சு வீட்டுக்கும் பணம் அனுப்பினான். 1879ல மாஸ்கோவுக்கு மருத்துவம் படிக்க வந்தப்போ, வாடகை குடுத்துத் தங்க ரெண்டு நண்பர்களையும் கூட்டிக்கிட்டு வந்தார். 19 வயசுலயே வீட்டுக்குத் தலைவர்.

30/ நகைச்சுவைப் பத்திரிகைகள்ல வரிக்கு இத்தனை கோபெக்னு கூலி. 'ஒஸ்கோல்கி'ல வரிக்கு 8. 1886ல 'நோவோயே விரேம்யா'ல 12. வரிக்குக் காசுங்கறதால நிறைய எழுதணும், ஆசிரியர் சின்னதாக் கேக்கறதால சுருக்கமா எழுதணும். அந்த நெருக்கடியில விளைஞ்சதுதான் நாம கொண்டாடற அவரோட சிக்கனம். 1884ல டாக்டர் ஆனார். அந்த வருஷக் கடைசியிலயே இருமல்ல ரத்தம்.

31/ 1892ல மெலிகோவோவுல 13,000 ரூபிளுக்கு ஒரு பண்ணை, பெரும்பகுதி கடன்ல. அதே வருஷம் காலரா பயம் வந்தப்போ 25 கிராமங்களுக்குச் சம்பளமில்லாத டாக்டர். விவசாயிகளுக்கு இலவச வைத்தியம். 1899ல எழுதின மொத்தத்தையும் மார்க்ஸ்ங்கற பதிப்பாளருக்கு 75,000 ரூபிளுக்கு வித்தார். கேக்கப் பெரிய தொகை. ஆனா போட்ட காசைப் பதிப்பாளர் சீக்கிரமே எடுத்துட்டார். ஒப்பந்தத்தை முறிங்கன்னு கார்க்கி எவ்வளவோ சொன்னார், செகாவ் கேக்கல. உடம்பு போகுது, குடும்பம் இருக்கு, கையில உடனே காசு வேணும். 1904ல 44 வயசுல இறந்தார்.

32/ டிபி வந்தவன் நீண்ட காலக் கணக்குப் போடறதில்ல. இதைச் செகாவோட ஏமாளித்தனம்னு எழுதறவங்களைப் பாத்தா எனக்குக் கோபம் வரும். அவசரத்துல விக்கறவனுக்கு விலை குறையத்தான் செய்யும். நம்ம வார்டுக்கு வெளிய தாலியை அடகு வெக்கற வீடுகளுக்கு இது தெரியும்.

33/ மூணாவது ஆள் சாமர்செட் மாம். லண்டன் செயின்ட் தாமஸ் ஆஸ்பத்திரி மாணவர். லாம்பெத் சேரியில மூணு வாரத்துல 63 பிரசவம் பாத்தார். அந்த அனுபவத்துல 'லிசா ஆஃப் லாம்பெத்'. 1897ல நாவல் வந்துச்சு, அதே வருஷம் டிகிரியும் வந்துச்சு. முதல் பதிப்பு சில வாரத்துல தீர்ந்தது. உடனே மருத்துவத்தை விட்டுட்டார். அந்தப் புத்தகத்துல அவர் கைக்கு வந்தது சுமார் 20 பவுண்ட்!

34/ அவருக்கு வருஷம் 150 பவுண்ட் பரம்பரை வருமானம் இருந்ததால பட்டினி இல்ல. ஆனா நிஜமான வெற்றி 1907ல ஒரு நாடகத்துலதான் வந்துச்சு. பத்து வருஷம். பின்னாடி எல்லாப் பணமும் வந்தப்புறமும் மருத்துவத்தைச் சீக்கிரம் விட்டதுக்கு வருத்தப்பட்டார். காசுக்காக இல்ல. ஆஸ்பத்திரியில பாத்த மாதிரி மனுஷங்களை வேற எங்கயும் பாக்க முடியலன்னு.

35/ மூணு பேர், மூணு கணக்கு. ஒருத்தர் ஆர்டர் கைக்கு வந்தப்புறம் விட்டார். ஒருத்தரால விடவே முடியல. ஒருத்தர் முதல் கைதட்டல்லயே விட்டார். மூணு பேரும் பெரிய எழுத்தாளர் ஆனாங்க, அதனால இதை வெச்சு இதுதான் சரின்னு சொல்ல முடியாது. தோத்தவங்க சுயசரிதை எழுதறதில்ல. ஆனா மூணு வீட்டுலயும் பொதுவா ஒண்ணு இருந்தது: கதை காசாகற வரைக்கும் வேற யாரோ ஒருத்தரோட காசு, இல்லன்னா வேற ஒரு வேலையோட காசு.

36/ நேத்து மறுபடி அந்தத் தம்பியோட நைட் டியூட்டி. இந்தக் கதையெல்லாம் சொல்லிட்டு நாலு கேள்வி கேட்டேன். மாசம் வீட்டுக்கு எவ்வளவு வேணும்? எழுத்துல இதுவரைக்கும் எவ்வளவு வந்திருக்கு, யார்கிட்ட பேச்சு நடக்குது? எழுதினதை மொத்தமா வாங்கிக்கறேன்னு யாராவது சொன்னா வேண்டாம்னு சொல்ற அளவுக்குக் கையில எத்தனை மாசக் காசு இருக்கு? இந்த வருஷங்கள்ல உன்னைத் தாங்கப் போறது யாரோட சம்பளம்?

37/ முதல் மூணுக்கும் ரெடியா இருந்தான். ஒரு குறும்படத்துக்கு எழுதினதுக்குக் கிடைச்சது, சேமிப்பு, வாரம் ரெண்டு நாள் தனியார் கிளினிக்ல டியூட்டி பாக்கற திட்டம், எல்லாத்தையும் போன்ல குறிச்சு வெச்சிருந்தான். என்னைவிடத் தெளிவா. நாலாவதுக்கு மட்டும் கொஞ்ச நேரம் பேசல. அப்புறம், "அக்கா சம்பளம் சார். எஜுகேஷன் லோன் அவங்கதான் கட்டறாங்க. கல்யாணத்தைத் தள்ளிப் போட்டிருக்காங்க."

38/ "அவங்ககிட்ட சொன்னியா?"

"இல்ல சார். படிப்பு முடிஞ்சதும் நான் கட்டிடுவேன்னு நினைச்சிட்டிருக்காங்க."

அனெட் கதையை மறுபடி சொல்ல வேண்டியிருக்கல. அவனே அதைத்தான் யோசிச்சிக்கிட்டிருந்தான்.

39/ போன வாரம் நான் சொன்ன 'பி.ஜி. முடி'யை வாபஸ் வாங்கிட்டேன். "எழுதப் போ. தாராளமாப் போ. ஆனா உன் அக்கா எத்தனை வருஷம், எவ்வளவுன்னு தெரிஞ்சு சரின்னு சொல்லணும். தெரியாமத் தாங்கக்கூடாது. திருப்பிக் குடுக்கற தேதியையும் நீயே சொல்லு"ன்னேன். போனை எடுத்து மணி பாத்தான். மூணரை. "காலையில பேசறேன் சார்"னான். அதுக்குள்ள 108 வந்துடுச்சு, எழுந்து ஓடினோம்.

40/ இதைப் படிக்கறவங்க வீட்டுலயும் பாடறவன், வரையறவ, எழுதறவன்னு யாராவது இருப்பாங்க. அவங்களைத் தாங்கிக்கிட்டு ஒரு அக்காவோ, அம்மாவோ, மனைவியோ இருப்பாங்க. கணக்கு நோட்டுல அவங்க பேரையும் எழுதுங்க.